வெறும் பெட்டி எத்தனை கிலோ? எடை குறைந்த சூட்கேஸ் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

என் முதல் நீண்ட விமானப் பயணத்தின்போது, செக்-இன் கவுன்ட்டர் தராசில் என் பெட்டி 26.4 கிலோ காட்டியது. எனக்கு அனுமதிக்கப்பட்டதோ 23 கிலோ. கூடுதல் எடைக்குக் கேட்ட தொகை அந்தப் பெட்டியை வாங்கிய விலையைவிட அதிகமாக இருந்ததால், வரிசையை விட்டு விலகி, தரையில் மண்டியிட்டுப் பெட்டியைத் திறந்து, ஒரு ஜோடிக் காலணியையும் மூன்று தடித்த புத்தகங்களையும் எடுத்துக் கைப்பைக்குள் திணித்தேன். கம்பளிச் சட்டையை அணிந்திருந்த சட்டையின் மேலேயே போட்டுக்கொண்டேன். எதை எடுத்தால் எவ்வளவு குறையும் என்பது தெரியாததால் மூன்று முறை தராசுக்கும் தரைக்குமாக நடந்தேன். வீடு திரும்பிய பிறகு, உள்ளே ஒரு கைக்குட்டைகூட இல்லாமல் அதே பெட்டியை எடை போட்டுப் பார்த்தபோது 5.8 கிலோ இருந்தது. எனக்குக் கிடைத்த அனுமதியில் கால்வாசியைப் பெட்டியே எடுத்துக்கொண்டிருக்கிறது.

அடுத்ததாக, அவசரத்தில், மிக இலேசானது என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஒரு பெட்டியை வாங்கினேன். சீட்டில் 2.9 கிலோ என்று போட்டிருந்தது. வீட்டுத் தராசில் 3.4 இருந்தது. மூன்றாவது பயணத்தில் அதன் சக்கரம் பொருத்தப்பட்டிருந்த மூலை விரிந்து, ஒரு சக்கரம் கழன்று போனது. கனமான பெட்டியால் ஒரு முறையும், இலேசான பெட்டியால் ஒரு முறையும் பணத்தை இழந்த பிறகு நான் கற்றுக்கொண்டவற்றைப் படிப்படியாக இங்கே எழுதியிருக்கிறேன். முதன்முறையாகப் பெட்டி வாங்கப் போகிறவர்கள் இதே வரிசையில் செய்து வந்தால் போதும்.

1. முதலில் டிக்கெட்டைப் படியுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் பார்க்க வேண்டிய ஆவணம் உங்கள் மின்-டிக்கெட். அதில் பயண விவரத்துக்கு அருகில், பேகேஜ் என்ற தலைப்பின் கீழ், ஓர் எண்ணும் ஓரிரு எழுத்துகளும் இருக்கும். எண்ணுக்குப் பின்னால் ‘பிசி’ என்று இருந்தால் அது பெட்டிகளின் எண்ணிக்கையைக் குறிக்கிறது. ‘கே’ அல்லது ‘கேஜி’ என்று இருந்தால் அது மொத்த எடையைக் குறிக்கிறது. இந்த இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு புரியாமல் பெட்டி வாங்கினால் பணம் வீணாகும்.

எண்ணிக்கை முறையில், சாதாரண வகுப்புப் பயணிக்கு ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்பதே பெரும்பாலான நிறுவனங்களின் வரம்பு. பவுண்டில் கணக்கிடும் நாடுகளில் இது 50 பவுண்டு என்று எழுதப்பட்டிருக்கும், அது 22.7 கிலோ ஆவதால், 23-க்கு மிகச் சரியாக அடுக்கியவர்களுக்கு அங்கே சில நூறு கிராம் இடிக்கும். இந்த முறையில் ஒரு பெட்டியில் 25 கிலோவும் மற்றொன்றில் 20 கிலோவும் வைத்துவிட்டு, சராசரி சரியாகத்தானே இருக்கிறது என்று வாதிட முடியாது. ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாக வரம்புக்குள் இருக்க வேண்டும். எடை முறையிலோ 20, 25, 30 கிலோ என மொத்தம் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும். ஆகவே இரண்டு பெட்டிகள் கொண்டுபோனால் இரண்டு வெறும் பெட்டிகளின் எடையும் அந்த ஒரே அனுமதியிலிருந்து கழியும். எடை முறை டிக்கெட் வைத்திருப்பவர் ஒரே பெட்டியாகக் கொண்டுபோவது இலாபம். ஆனால் அந்த ஒரு பெட்டியும் 32 கிலோவைத் தாண்டக் கூடாது. சுமை ஏற்றி இறக்கும் பணியாளர்களின் பாதுகாப்பைக் கருதிப் பெரும்பாலான நிறுவனங்கள், கூடுதல் கட்டணம் கொடுத்தாலும், அதற்கு மேல் கனக்கும் ஒற்றைப் பெட்டியை ஏற்பதில்லை.

அளவுக்கும் வரம்பு உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலான விதி. இதில் சக்கரங்களும் கைப்பிடிகளும் அடங்கும். விமானத்துக்குள் கொண்டுபோகும் சிறு பெட்டியின் உயரம் பெரும்பாலும் 55 அல்லது 56 சென்டிமீட்டராக இருக்கும்; எடை வரம்பு 7 கிலோவிலிருந்து தொடங்கி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது.

ஒரே பயணத்துக்கு இரண்டு தனி டிக்கெட்டுகள் வாங்கியிருந்தால், இரண்டிலும் எது குறைவோ அதையே உங்கள் வரம்பாக எடுத்துக்கொள்ளுங்கள். நடுவழியில் பெட்டியை எடுத்து மறுபடியும் செக்-இன் செய்யும்போது இரண்டாவது நிறுவனம் தன் விதியைத்தான் பார்க்கும்.

2. வீட்டில் இருக்கும் பெட்டியை எடை போடுங்கள்

புதுப் பெட்டி தேவையா என்பதே இந்தப் படியில்தான் தெரியவரும். பெட்டியின் எல்லா அறைகளையும் காலி செய்யுங்கள். பழைய பூட்டு, மடித்து வைத்த பிளாஸ்டிக் பைகள், போன பயணத்தின் ஷாம்பு புட்டி ஆகியவை ஏதாவது ஒரு மூலையில் கட்டாயம் இருக்கும். பிறகு கைப்பிடியில் மாட்டித் தூக்கும் டிஜிட்டல் தராசில் எடை பாருங்கள். இந்தத் தராசு பொதுவாக 50 கிலோ வரை காட்டும், உள்ளங்கையில் அடங்கும், விலையும் அதிகமில்லை. ஒரு முறை கட்டும் கூடுதல் எடைக் கட்டணத்தைவிட அநேகமாகக் குறைவாகவே இருக்கும்.

தராசு சரியாகக் காட்டுகிறதா என்பதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் புட்டிகள் ஆறை ஒரு துணிப்பையில் போட்டு மாட்டினால், வெறும் புட்டிகளும் பையும் சேர்த்து ஆறு கிலோவுக்குச் சில நூறு கிராம் மேலே காட்ட வேண்டும். ஐந்தரையோ ஏழோ காட்டினால் அந்தத் தராசை நம்பிப் பயணம் போகாதீர்கள். அது கிலோவில் இருக்கிறதா பவுண்டில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள், ஏனெனில் பல தராசுகளில் பொத்தானைச் சற்று நேரம் அழுத்தினாலே அலகு மாறிவிடுகிறது.

ஆள் நின்று பார்க்கும் தராசு மட்டுமே இருந்தால், வெறும் பெட்டியை அதன்மேல் நிறுத்திப் பார்ப்பது சரியாக வராது. பெட்டி எண்ணை மறைக்கும். குறைந்த எடையை அந்தத் தராசுகள் துல்லியமாகக் காட்டுவதுமில்லை. முதலில் நீங்கள் மட்டும் ஏறி எடையைக் குறித்துக்கொண்டு, பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். முதலில் 64.2, பிறகு 68.6 என்றால் பெட்டி 4.4 கிலோ. மூன்று முறை செய்து நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

3. பொதுவான எடைகளோடு ஒப்பிடுங்கள்

கடைகளிலும் நண்பர்கள் வீடுகளிலும் நான் தூக்கிப் பார்த்தும் எடை போட்டும் குறித்து வைத்ததிலிருந்து சொல்கிறேன். தயாரிப்பைப் பொறுத்து முன்பின் இருக்கலாம்.

கேபினுக்குள் கொண்டுபோகும் 55 சென்டிமீட்டர் பெட்டி, நல்ல இலேசானது என்றால் 1.7 முதல் 2.2 கிலோ, சாதாரணமானது 2.5 முதல் 3.2 கிலோ, அலுமினியத்தாலானது 4 கிலோவைத் தாண்டும். 65 முதல் 68 சென்டிமீட்டர் வரையிலான நடுத்தரப் பெட்டி 2.5 முதல் 4 கிலோ. 75 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள பெரிய பெட்டி 3 முதல் 5 கிலோ. நான்கு சக்கரமும் கனத்த ஓடும் கொண்ட பழைய பெட்டிகள் 6 கிலோவைத் தொடுவதும் உண்டு. சக்கரமே இல்லாத துணிப்பை ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கிவிடும்.

இந்த எண்களைத் தனியாகப் பார்த்தால் பெரிதாகத் தோன்றாது. அனுமதியிலிருந்து கழித்துப் பார்க்க வேண்டும். கேபின் வரம்பு 7 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.2 கிலோ பெட்டி கொண்டுபோனால் மீதி 3.8 கிலோ, மடிக்கணினியும் அதன் சார்ஜரும் உள்ளே போனால் இரண்டு நாள் துணிக்குக்கூட இடம் யோசிக்க வேண்டும். 1.9 கிலோ பெட்டி என்றால் மீதி 5.1 கிலோ. வேறுபாடு 1.3 கிலோதான், ஆனால் அது மீதியில் மூன்றில் ஒரு பங்கு. அதே 1.3 கிலோவை 23 கிலோ பெட்டியில் மிச்சப்படுத்தினால் அந்த அளவுக்குப் பயன் தெரியாது. ஆகவே இலேசான பெட்டிக்குச் செலவழிக்க உங்களிடம் இருப்பது ஒரு பெட்டிக்கான பணம்தான் என்றால், அதை முதலில் கேபின் பெட்டிக்குச் செலவழியுங்கள். என் கருத்தில் இந்தக் கட்டுரையிலேயே மிகவும் பயன்படக்கூடிய ஆலோசனை இதுதான்.

4. எடை எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெட்டியின் எடை ஐந்து இடங்களிலிருந்து வருகிறது: ஓடு அல்லது துணி, இழுப்புக் கைப்பிடி, சக்கரங்கள், மூடும் அமைப்பு, உள்துணி. எந்த இடத்தில் குறைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தே வாங்க வேண்டும். எனக்கு உடைந்துபோன பெட்டியில், குறைக்கக் கூடாத இடத்தில் குறைத்திருந்தார்கள். ஓடு நன்றாகத்தான் இருந்தது. சக்கரம் திருகப்பட்டிருந்த மூலைக்குப் பின்னால் தாங்குவதற்குத் தகடோ தடித்த பிளாஸ்டிக்கோ எதுவுமே இல்லாமல், மெல்லிய ஓட்டிலேயே நான்கு சிறு திருகாணிகளை முடுக்கியிருந்தார்கள்.

ஓட்டைப் பற்றி ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 75, 50, 30 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு பெரிய பெட்டியின் மேற்பரப்பு மொத்தம் ஒன்றரைச் சதுர மீட்டர். ஓடு ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்று கொண்டால், அது பாலிபுரொப்பிலீனாக இருந்தால் சுமார் 1.35 கிலோவும், ஏபிஎஸ் பிளாஸ்டிக்காக இருந்தால் 1.6 கிலோவும், பாலிகார்பனேட்டாக இருந்தால் 1.8 கிலோவும், அலுமினியமாக இருந்தால் 4 கிலோவும் வரும். பிளாஸ்டிக் வகைகளுக்குள் வேறுபாடு அரைக் கிலோவுக்குள்தான் என்பதைக் கவனியுங்கள். விற்பனையாளர் பொருளின் பெயரைச் சொல்லி எவ்வளவு அழுத்திப் பேசினாலும், தடிமன் எவ்வளவு என்பதும் மற்ற பாகங்கள் என்ன என்பதும்தான் எடையை அதிகமாக மாற்றுகின்றன.

வலிமை வேறு கதை. ஏபிஎஸ் விறைப்பானது, விலை குறைவானது. ஆனால் ஓங்கிய அடி விழுந்தால் விரிசல் விடும். பாலிகார்பனேட் அடி விழும்போது உள்ளே வளைந்து மீண்டும் எழும். பாலிபுரொப்பிலீனும் வளைந்து கொடுக்கும். தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு இலேசானது. பாலிபுரொப்பிலீன் இழைகளை நெய்து, அடுக்கடுக்காக வெப்பத்தில் அழுத்திச் செய்யும் ஓடுகளும் உண்டு. நான் பார்த்த பெரிய பெட்டிகளில் 3 கிலோவுக்குள் அடங்கியும் உறுதியாக இருந்தவை பெரும்பாலும் இந்த வகையே. விலை மட்டும் கனம். ‘ஏபிஎஸ் மற்றும் பாலிகார்பனேட்’ என்று சீட்டில் எழுதியிருந்தால், பெரும்பகுதி ஏபிஎஸ்ஸாக இருந்து மேலே ஒரு மெல்லிய பாலிகார்பனேட் படலம் மட்டும் இருக்கக்கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

துணிப் பெட்டிகளில் ‘டெனியர்’ என்ற எண்ணைப் பார்ப்பீர்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் கனக்கிறதோ அதுவே அந்த எண். ஆகவே எண் கூடினால் நூலின் கனமும் கூடும். 1680 டெனியர் நைலான் நன்றாக உழைக்கும், ஆனால் கனமானது. 600 டெனியர் பாலியெஸ்டர் இலேசானது, உரசலில் சீக்கிரம் நைந்துபோகும். துணிப் பெட்டியில் வெளிப்பக்க அறைகள் ஒவ்வொன்றும் கூடுதல் துணி, கூடுதல் ஜிப், கூடுதல் எடை.

இழுப்புக் கைப்பிடியின் குழாய்கள் எஃகால் ஆனவையா அலுமினியத்தால் ஆனவையா என்று கேளுங்கள். ஒரு காந்தத்தை ஒட்டிப் பார்த்தால் கேட்காமலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. நான்கு சக்கரங்களைவிட இரண்டு சக்கரங்கள் கொண்ட பெட்டி பொதுவாக இலேசானது. அதன் சக்கரங்கள் உடலுக்குள் பாதி புதைந்திருப்பதால் சாமான் எறிபடும்போது உடைவதும் குறைவு. அனுமதிக்கப்பட்ட உயரத்தில் உள்ளே கிடைக்கும் இடமும் அதிகம். வழவழப்பான தரையில் நான்கு சக்கரப் பெட்டியைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு நடக்கும் சுகம் அதில் கிடைக்காது என்பது உண்மைதான். படிக்கட்டும் கரடுமுரடான சாலையும் அதிகம் இருக்கும் பயணங்களுக்கு நான் இரண்டு சக்கரத்தையே தேர்ந்தெடுப்பேன்.

ஜிப் உள்ள பெட்டியைவிட, உலோகச் சட்டமும் கொக்கிகளும் வைத்து மூடும் பெட்டி கனமாகவே இருக்கும். உள்ளே சார்ஜ் செய்யும் பேட்டரி பதித்த பெட்டிகளைத் தவிர்த்துவிடுங்கள். எடை ஒருபுறம் இருக்க, அந்த பேட்டரியைக் கழற்ற முடியாவிட்டால் பல நிறுவனங்கள் 2018 முதல் அப்பெட்டிகளை ஏற்பதே இல்லை. கழற்ற முடிந்தாலும், பெட்டியைச் செக்-இன் செய்யும்போது பேட்டரியைக் கையில்தான் கொண்டுபோக வேண்டும்.

5. மிகப் பெரிய பெட்டியின் மேல் ஆசைப்படாதீர்கள்

புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, இருப்பதிலேயே பெரியதை வாங்குவது. 23 கிலோ வரம்பில், 100 லிட்டர் கொள்ளளவும் 4.5 கிலோ எடையும் உள்ள பெட்டியில் நீங்கள் வைக்கக்கூடியது 18.5 கிலோ. புத்தகங்களாக வைத்தால் ஏறத்தாழ 25 லிட்டரிலேயே அந்த 18.5 கிலோ வந்துவிடும். முக்கால் பெட்டி காலியாக இருக்கும். காலியாக இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு எந்த மனிதரும் சும்மா இருப்பதில்லை. அதனால்தான் பெரிய பெட்டிகள் எப்போதும் வரம்பைத் தாண்டுகின்றன. 70 லிட்டர் கொள்ளளவும் 3 கிலோ எடையும் உள்ள நடுத்தரப் பெட்டியில் 20 கிலோ வைக்கலாம். நெருக்கி அடுக்கினால் பெட்டி நிறையும்போதே எடையும் ஏறக்குறைய நிறைந்துவிடும்.

குளிர்கால உடைகள், தலையணை, மெத்தை விரிப்பு போல இடத்தை அடைத்து எடை குறைவாக உள்ளவற்றைக் கொண்டுபோகிறவர்களுக்கு மட்டுமே பெரிய பெட்டி பொருந்தும். விரித்துப் பெரிதாக்கும் கூடுதல் ஜிப் உள்ள பெட்டிகளிலும் இதே பொறிதான் இருக்கிறது. விரித்துவிட்டால் 158 சென்டிமீட்டர் வரம்போ, கேபின் பெட்டி என்றால், அதை உள்ளே வைத்து அளவு சரிபார்க்கும் கூண்டோ இடிக்கும். அந்த ஜிப்பும் அதன் துணியும் விரிக்காதபோதும் எடையில் சேர்ந்துகொண்டேதான் இருக்கும்.

6. தராசோடு கடைக்குப் போங்கள்

கைத்தராசை எடுத்துக்கொண்டு போய், உங்கள் கண் முன்னாலேயே மாட்டிப் பாருங்கள். எந்தக் கடையிலும் என்னை யாரும் தடுத்ததில்லை. ஒரு விற்பனையாளர் தானே ஆர்வமாகி அடுத்தடுத்த பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்தார். எடை போடுவதற்கு முன் உள்ளே திணித்திருக்கும் காகிதங்களையும் அட்டைகளையும் எடுத்துவிடுங்கள். ஆனால் கழற்றக்கூடிய தடுப்புத் துணி, உடை மாட்டும் உறை போன்றவற்றை முதலில் வைத்தும், பிறகு எடுத்தும் இரண்டு முறை பாருங்கள். சீட்டில் இருக்கும் எடை சில நேரம் இவையெல்லாம் இல்லாத எடையாக இருக்கும். மூன்று அளவுகளில் வரும் பெட்டி வரிசை என்றால், பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எடை அவற்றில் மிகச் சிறியதன் எடையாக இருப்பதும் உண்டு. என்னுடைய 2.9 கிலோ எப்படி 3.4 ஆனது என்பதற்குக் கடைசி வரை எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை.

எடையைப் பார்த்த பிறகு வலிமையைப் பாருங்கள். பெட்டியை நிமிர்த்தி, ஓட்டின் நடுவில் உள்ளங்கையால் அழுத்துங்கள். உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும், வெள்ளைக் கோடு விழக் கூடாது. கைப்பிடியை முழுவதும் இழுத்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு, குழாயே வளைவது ஆபத்து. உள்துணியில் ஜிப் இருந்தால் அதைத் திறந்து, சக்கரங்களுக்குப் பின்னால் விரலை வைத்துத் தடவுங்கள். அந்த மூலையில் தடித்த பிளாஸ்டிக் தாங்கு இருக்க வேண்டும். திருகாணியால் பொருத்திய சக்கரம் என்றால் பின்னாளில் மாற்ற முடியும். ரிவெட் அடித்திருந்தால் கடினம். இந்த நான்கும் சேர்ந்து ஐந்து நிமிட வேலை, நான் இரண்டாவது பெட்டி வாங்கியபோது செய்யாமல் விட்டதும் இதைத்தான்.

கடைசியாக அளவு நாடா. தரையிலிருந்து மேல் கைப்பிடி வரை, சக்கரத்தையும் சேர்த்து அளந்து பாருங்கள். சீட்டில் 55 என்று எழுதிவிட்டு, சக்கரத்தோடு 58 வரும் பெட்டிகள் உண்டு.

இணையத்தில் வாங்குகிறவர்கள், பொருளின் எடை, அட்டைப்பெட்டியோடு சேர்த்த அனுப்பும் எடை என்ற இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெட்டி வந்த அன்றே, ஒட்டியிருக்கும் தாள்களைக் கிழிக்காமல் எடை போட்டு, சொன்ன எடையைவிட அதிகமாக இருந்தால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.

7. செலவைக் கணக்கிடுங்கள்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். கூடுதல் எடைக் கட்டணத்துக்கு அது அப்படியே பொருந்தும். உங்கள் விமான நிறுவனம் கூடுதல் எடைக்கு முன்கூட்டியே இணையத்தில் கட்டினால் எவ்வளவு, கவுன்ட்டரில் கட்டினால் எவ்வளவு என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். கவுன்ட்டர் கட்டணமே பெரும்பாலும் அதிகமாக இருக்கும். எண்ணிக்கை முறையில் ஒரு கிலோ கூடினாலும் ஏழு கிலோ கூடினாலும் ஒரே தொகை வாங்குவது வழக்கம். எடை முறையில் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள்.

இலேசான பெட்டிக்காக நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் விலையை, அது மிச்சப்படுத்தும் கிலோவால் வகுத்துப் பாருங்கள். 4.6 கிலோ பெட்டிக்குப் பதில் 3.1 கிலோ பெட்டி வாங்கினால் மிச்சம் ஒன்றரைக் கிலோ. வருடத்துக்கு ஒரு முறை மட்டும் பயணம் செய்து, ஒவ்வொரு முறையும் 20 கிலோவுக்குள்ளேயே அடங்கிவிடுகிறவருக்கு இந்தச் செலவு தேவையே இல்லை; வீட்டில் இருக்கும் பெட்டியே போதும். ஒவ்வொரு முறையும் வரம்பில் இடிக்கிறவருக்குச் சில பயணங்களிலேயே போட்ட பணம் திரும்பிவிடும்.

பெட்டியை மாற்றாமல் எடையைக் குறைக்கவும் வழி உண்டு. மேலுறை, கூடுதல் பூட்டு, பட்டை, துணிகளைப் பிரித்து வைக்கும் சிறு பைகள் ஆகிய நான்கையும் ஒன்றாகச் சேர்த்து நான் எடை போட்டபோது 900 கிராம் இருந்தது. மேலுறையையும் பட்டையையும் அன்றே விட்டுவிட்டேன்.

8. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வாங்குங்கள்

கடைசி வாரத்தில் வாங்கினால் திருப்பிக் கொடுக்கவும் மாற்றவும் நேரம் இருக்காது. ஒரு மாதம் இருந்தால், முதல் வாரத்தில் எடையைச் சரிபார்க்கலாம், இரண்டாவது வாரத்தில் உண்மையான பொருள்களை அடுக்கி ஒத்திகை பார்க்கலாம். ஒத்திகையின்போது நிரம்பிய பெட்டியைத் தெருவில் ஐந்து நிமிடம் இழுத்து நடந்து, நான்கைந்து படிகள் ஏற்றி இறக்குங்கள். கைப்பிடியிலோ சக்கரத்திலோ குறை இருந்தால் அப்போதே முனகத் தொடங்கிவிடும். ஆனால் உரசல் விழுந்த பெட்டியைத் திரும்பப் பெற மறுக்கும் கடைகள் உண்டு என்பதால், கடையின் நிபந்தனைகளை முன்பே கேட்டுக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே சோதிப்பதா வெளியே கொண்டுபோவதா என்று முடிவு செய்யுங்கள்.

9. ஆவணங்களை எடுத்து வையுங்கள்

இலேசான பெட்டிகள் உடைவதற்கும் வாய்ப்பு இருப்பதால் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். வாங்கிய பில், வாரண்டி அட்டை, பெட்டியின் உள்ளே ஒட்டியிருக்கும் மாடல் எண் ஆகிய மூன்றையும் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். பல வாரண்டிகள் தயாரிப்புக் குறைக்கு மட்டுமே பொருந்தும். விமானத்தில் அடிபட்டு ஏற்படும் சேதத்தை அவை ஏற்பதில்லை. வாரண்டி எத்தனை ஆண்டு என்பதைவிட, எதற்கு என்பதை முதலில் படியுங்கள்.

பெட்டியைக் கவுன்ட்டரில் ஒப்படைப்பதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். போர்டிங் பாஸையும், அவர்கள் கொடுக்கும் பேகேஜ் துண்டுச் சீட்டையும் பெட்டி கைக்கு வந்து சோதித்து முடிக்கும் வரை எறியாதீர்கள். சேதம் தெரிந்தால், விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே அந்த நிறுவனத்தின் பேகேஜ் பிரிவில் எழுத்து மூலம் புகார் பதிந்து, அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பல நாடுகள் ஏற்றுக்கொண்டுள்ள 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரீல் உடன்படிக்கைப்படி, சேதம் பற்றிய புகாரைப் பெட்டி கைக்கு வந்த 7 நாள்களுக்குள்ளும், தாமதம் பற்றிய புகாரை 21 நாள்களுக்குள்ளும் எழுத்தில் கொடுக்க வேண்டும். நிறுவனத்தின் பொறுப்புக்கு உச்சவரம்பு, ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. 2024 டிசம்பர் 28 முதல் இந்தத் தொகை நடைமுறையில் இருக்கிறது. ஆனால் பெட்டியின் உள்ளார்ந்த குறையினாலோ தரக்குறைவினாலோ ஏற்பட்ட சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்பதும் அதே உடன்படிக்கையில் இருக்கிறது. என் சக்கரம் கழன்றபோது எனக்குக் கிடைத்த பதில் அதுதான். கவுன்ட்டரில் ஒப்படைப்பதற்கு முன் பெட்டி நன்றாக இருந்தது என்று காட்ட என்னிடம் ஒரு படம்கூட இல்லை. வீட்டுக்கு வந்த பிறகே உடைந்ததைக் கவனித்ததால், புகாரும் எட்டாவது நாளில்தான் போனது.

10. முந்தைய இரவு எடை பாருங்கள்

அடுக்கி மூடிய பெட்டியைப் பூட்டு, பெயர்ச்சீட்டு உட்பட எல்லாவற்றோடும் எடை போட்டு, 23 கிலோ வரம்புக்கு 22.3 கிலோவில் நிறுத்துங்கள். உங்கள் தராசுக்கும் கவுன்ட்டர் தராசுக்கும் இடையே சில நூறு கிராம் வேறுபாடு இருக்கவே செய்யும். கவுன்ட்டரில் பெட்டியை வைப்பதற்கு முன் எண் பூச்சியத்தில் இருக்கிறதா என்பதையும், பெட்டி பக்கத்தில் நகரும் பட்டையைத் தொடாமல் முழுவதும் தராசின்மேல் நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

கனமான இரண்டு மூன்று பொருள்களை, எடை தெரிந்த ஒரே பையில் போட்டு, பெட்டியின் மேல் அடுக்கில் வையுங்கள். வரம்பு தாண்டினால் ஜிப்பைப் பாதி திறந்து அந்தப் பையை மட்டும் எடுத்துவிடலாம். கேபின் பெட்டியில் அந்தப் பைக்கு வேண்டிய இடமும் எடையும் மிச்சம் இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

வெறும் பெட்டியின் எடையைச் சிறு சீட்டில் எழுதி, மூடியின் உட்புறம் ஒட்டி வையுங்கள். என்னுடைய இப்போதைய பெட்டி இரண்டு சக்கரம் கொண்ட நடுத்தரத் துணிப் பெட்டி, சீட்டில் 2.7 என்று இருக்கிறது. திரும்பி வரும்போதும் எடை பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் கைத்தராசும் அதன் வெளி அறையிலேயே பயணம் செய்கிறது. தராசின் எடை 95 கிராம். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.